போனதற்குக் கிடைக்காது, வந்ததற்குக் கிடைக்கும்

கேள்வி: லண்டனில் மகள் வீட்டில் இருந்துவிட்டு நானும் மனைவியும் வளைகுடா நாட்டு விமானம் ஒன்றில் சென்னை திரும்பினோம். ஹீத்ரோவில் ஏதோ இயந்திரக் கோளாறு என்று இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதற்குள் நடுவில் நாங்கள் மாற வேண்டிய சென்னை விமானம் கிளம்பிப் போய்விட்டது. வேறொன்றில் ஏற்றிவிட்டார்கள், சென்னைக்கு ஒன்பது மணி நேரம் தாமதம். கொடுத்தது ஆளுக்கொரு சாப்பாட்டுக் கூப்பன். நஷ்டஈடு கேட்கலாமா? 'அது அரபு நாட்டுக் கம்பெனி, பிரிட்டிஷ் சட்டம் செல்லாது' என்கிறார் மாப்பிள்ளை.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: மாப்பிள்ளை சொல்வது நீங்கள் லண்டன் போன பயணத்துக்குச் சரி, திரும்பி வந்ததற்குத் தப்பு. பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். வெளியிலிருந்து பிரிட்டனுக்குள் போகும்போதுதான் அது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும்.

'முதல் விமானம் இரண்டரை மணிதான் தாமதம், நஷ்டஈட்டுக்கு வேண்டிய மூன்று மணி ஆகவில்லையே' என்று விமான நிறுவனத்தார் ஆரம்பிப்பார்கள், அதற்கு மசியாதீர்கள். மொத்தப் பயணமும் ஒரே புக்கிங்கில் இருந்தால் கடைசியாகச் சென்னையில் எப்போது இறங்கினீர்கள் என்பதுதான் கணக்கு, அதுவும் சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, கதவு திறந்த நேரம். வளைகுடா நிறுவனம் ஒன்று இதே விஷயத்தில் வழக்காடி 2017-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் இந்த வாதம் நிற்காது.

3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், நான்கு மணிக்கு மேல் தாமதம் என்றால் ஆளுக்கு 520 பவுண்டு, உங்கள் இருவருக்கும் 1,040. புயல், பனி, விமானக் கட்டுப்பாட்டு அறை வேலைநிறுத்தம் என்றால் இந்தப் பணம் கிடையாது (அப்போதும் சாப்பாடு, இரவு தங்க வேண்டியிருந்தால் ஹோட்டல், இரண்டும் அவர்கள் பொறுப்பு). சாதாரண இயந்திரக் கோளாறு அந்த விதிவிலக்கில் வராது. எனக்கும் ஒருமுறை 'ஆபரேஷனல் காரணம்' என்று மொட்டையாக ஒரு மெயில் வந்தது, என்ன காரணம் என்று மூன்று தடவை திருப்பிக் கேட்ட பிறகுதான் ஒழுங்கான பதில் வந்தது.

இதே தாமதம் சென்னையில் புறப்படும்போது நடந்திருந்தால் கதை வேறு. நம் டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) விதிப்படி சாப்பாடு உண்டு, உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். தாமதத்துக்கென்று தனியாக ரொக்கம் கிடையாது.

போர்டிங் பாஸ் இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லாவிட்டாலும் புக்கிங் எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் தளத்திலேயே நீங்களே விண்ணப்பிக்கலாம், கமிஷன் ஏஜென்ட் எதற்கு? இங்கிலாந்தில் வழக்குப் போட ஆறு வருடம் அவகாசம் இருக்கிறது என்றாலும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். 'அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தருகிறோம்' என்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் ஒழிய அப்படித் தர முடியாது, வங்கிக் கணக்கு எண்ணை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.