கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே இசைக்குழு நடத்தினால் நிலைக்குமா?

கேள்வி: நானும் என் கணவரும் இசைக்கலைஞர்கள். ஆளுக்கொரு குழு வைத்திருக்கிறோம். இரண்டையும் விட்டுவிட்டு ஒரே ரூட்ஸ் இசைக்குழுவாக (ப்ளூஸ், நாட்டுப்புறப் பாட்டு போன்ற வேர் இசை வாசிக்கும் குழு) தொடங்கலாமா என்று யோசிக்கிறோம். அப்படிச் செய்து நிலைத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

பதில்: இருக்கிறார்கள். அமெரிக்காவின் டெடெஸ்கி ட்ரக்ஸ் பேண்ட். சூசன் டெடெஸ்கி மனைவி, டெரெக் ட்ரக்ஸ் கணவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ், சோல், தேவாலயப் பாட்டான காஸ்பெல், அமெரிக்கத் தெற்கின் ராக் எல்லாம் கலந்த இசை. 2010-ல் தொடங்கிய குழு. நான் பல வருடங்களாக இவர்களை விடாமல் கேட்டுவருகிறேன். நீங்கள் நிற்கும் அதே இடத்தில் இவர்களும் நின்றவர்கள் என்பதால் இவர்களைப் பற்றியே சொல்கிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, இவர்கள் அவசரப்படவில்லை. திருமணம் 2001-ல், குழு 2010-ல். நடுவில் ஒன்பது வருடம் இருவரும் தனித்தனிக் குழுக்களோடுதான் ஊர் ஊராகப் போனார்கள். சூசன் பாஸ்டன் பக்கத்துப் பெண். பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர், அங்கே காஸ்பெல் பாடற்குழுவில் பாடியவர். 2000-ம் ஆண்டு கிராமியில் சிறந்த புதுமுகத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் பிரிட்னி ஸ்பியர்ஸ், கிறிஸ்டினா அகிலேரா பெயர்களோடு இவர் பெயரும் இருந்தது. கித்தாரும் பிரமாதமாக வாசிப்பார். டெரெக் அவரைவிட எட்டு வயது இளையவர், ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்காரர். புகழ்பெற்ற ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் டிரம்மர் புட்ச் ட்ரக்ஸ் இவருடைய அப்பாவின் சகோதரர். ஒன்பது வயதில் ஐந்து டாலருக்குப் பழைய கித்தார் ஒன்று வாங்கினார். கை சின்னது என்பதால் ஸ்லைடு (விரலில் மாட்டித் தந்திமேல் சறுக்கும் குழாய்) வைத்து வாசிக்க ஆரம்பித்தார். 1999-ல், இருபது வயதில், ஆல்மன் பிரதர்ஸிலேயே சேர்ந்துவிட்டார். சூசனைச் சந்தித்ததும் அதே வருடம், அந்தக் குழுவின் கச்சேரிக்கு முன்னால் பாட அவர் வந்தபோது.

அப்புறம் குழந்தைகள் இருவர். 2006-ல் டெரெக்குக்குத் தன் குழு, ஆல்மன் பிரதர்ஸ், பிரிட்டிஷ் கித்தார் கலைஞர் எரிக் கிளாப்டனின் உலகச் சுற்றுப்பயணம் என்று மூன்று இடத்தில் வேலை. சூசனுக்கு அவருடைய குழு. ஒரு வீட்டில் இரண்டு பேரும் வெவ்வேறு பேருந்துகளில் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2007 வாக்கில் இரண்டு குழுக்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து 'சோல் ஸ்டியூ ரிவைவல்' என்ற பெயரில் ஒன்றாகச் சுற்றிப் பார்த்தார்கள். கையிலிருந்த குழுக்களைக் கலைக்காமலேயே, சேர்ந்து போனால் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். நீங்களும் இப்படி ஒரு சீசன் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பேன்.

2010-ல் தொடங்கியபோது துணிந்து பெரிதாகத் தொடங்கினார்கள். மொத்தம் பதினோரு பேர்: இரண்டு டிரம்மர்கள், மூன்று ஊதுகருவிக்காரர்கள், சூசனுக்குப் பின்னால் பாட இருவர். இத்தனை பேருக்குப் பேருந்தும் அறையும் சாப்பாடும் என்றால் செலவு எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். நான்கு பேரோடு போயிருந்தால் கைக்குக் காசு அதிகம் நின்றிருக்கும். ஆனால் இந்தப் பெரிய குழுதான் இவர்களைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேடையில் இருவர் மட்டும் என்றால் வீட்டுச் சண்டை நேராக மேடைக்கு வரும், மேடைச் சண்டை வீட்டுக்குப் போகும். பதினோரு பேர் இருக்கும்போது இருவருமே அந்தக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

மைக் மாட்டிசன் என்று ஒருவர். டெரெக்கின் பழைய குழுவில் முதன்மைப் பாடகர் அவர்தான். புதுக் குழுவில் அந்த இடம் சூசனுக்கு. வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவரோ சற்றுத் தள்ளி நின்று சேர்ந்து பாட ஒப்புக்கொண்டார். அதோடு சூசன் பாடுவதற்காகப் பாட்டுகளும் எழுதினார். 2011-ல் வந்த முதல் ஆல்பமான 'ரெவலேட்டர்' சிறந்த ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. அதில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் 'மிட்நைட் இன் ஹார்லெம்' மாட்டிசனும் டெரெக்கும் சேர்ந்து எழுதியது. உங்கள் இரண்டு குழுக்களிலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். கணவனும் மனைவியும் பேசி முடித்துவிட்டோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள். அவரிடம் முதலில் போய்ப் பேசுங்கள்.

மேடையில் வேலைப் பிரிவினை தெளிவு. சூசன் நடுவில் நின்று பாடுவார், கூட்டத்தோடு பேசுவார். டெரெக் ஓரமாக நின்று வாசிப்பார், வாய் திறப்பதே அபூர்வம். ஆனால் பாட்டு எங்கே ஏறணும், எங்கே இறங்கணும் என்பதெல்லாம் அவர் கையில். அவருடைய வாசிப்பு நம் காதுக்கு அந்நியமாகவே இருக்காது. கலிபோர்னியாவில் சரோத் மேதை அலி அக்பர் கான் நடத்திய இசைக் கல்லூரியில் சரோத் மரபைக் கற்றவர். நம் கோட்டுவாத்தியம் போலவே தந்தியின் மேல் சறுக்கித்தான் ஸ்வரத்தை எடுக்கிறார், அதனால் கமகம் இயல்பாக வருகிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டுடியோவுக்குக்கூட 'ஸ்வாம்ப் ராகா' என்றுதான் பெயர். வீட்டோடு ஸ்டுடியோ இருப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வீட்டில் அது எவ்வளவு பெரிய வசதி!

துக்கமும் வந்தது. கீபோர்டும் புல்லாங்குழலும் வாசித்த கோஃபி பர்பிரிட்ஜ், டெரெக்கோடு இருபது வருடம் இருந்தவர். 2019 பிப்ரவரி 15 அன்று 'சைன்ஸ்' ஆல்பம் வெளியானது, அதே நாளில் அவர் இறந்துபோனார். மறுவருடம் கொரோனா, கச்சேரிகள் மொத்தமும் நின்றன. அப்போது மாட்டிசன் ஒரு யோசனை சொன்னார்: பாரசீகக் கவி நிஜாமியின் லைலா மஜ்னூனை எல்லோரும் படிப்போம், கதையை லைலாவின் பக்கமிருந்து பார்ப்போம். அதிலிருந்து பிறந்ததுதான் 2022-ல் நான்கு பகுதிகளாக வந்த 'ஐ ஆம் தி மூன்'. மொத்தம் 24 பாட்டுகள். இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அதே காவியத்திலிருந்து பெயர் எடுத்த கிளாப்டனின் லைலா ஆல்பம் வெளியானது 1970 நவம்பரில், சூசன் பிறந்த மாதம். டெரெக்குக்குப் பெயர் வைத்ததே அந்த ஆல்பத்தின் குழுவான டெரெக் அண்ட் தி டாமினோஸை நினைத்துத்தான்.

உங்களுக்கு என் பதில்: தொடங்குங்கள். ஆனால் பாட்டு எழுதும் பொறுப்பையும் பணக்கணக்கையும் உங்கள் இருவருக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். கணக்குக்கு வெளி ஆள் ஒருவர் இருக்கட்டும். முதல் வருடம் பழைய குழுக்களின் பெயரையும் விட வேண்டாம்.

கேட்பதற்கு 2012-ல் வந்த நேரடிக் கச்சேரிப் பதிவிலிருந்து ஆரம்பியுங்கள், பெயர் 'எவ்ரிபடிஸ் டாக்கின்'. அதில் ஹார்லெம் பாட்டுக்கு முன்னால் டெரெக் ஆலாபனை மாதிரி ஒன்று வாசிப்பார். சூசன் எந்த இடத்தில் உள்ளே வருகிறார், அதுவரை மற்றவர்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.