வாசகர் கேள்வி – பதில்: “எதுவரைக்கும், கர்த்தாவே?”

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தைக்காக ஜெபிக்கிறோம். சபையில் ஒரு அக்கா, “உனக்கு விசுவாசம் போதவில்லை” என்கிறார். சில நாள் கர்த்தர்மேல் கோபமே வருகிறது. இது பாவமா?
– ஒரு சகோதரி, திருத்துறைப்பூண்டி

கோபத்தை மூடி வைத்துக்கொண்டு அழகாக ஜெபிப்பதைவிட, கோபத்தோடு அவரிடமே போவது மேல். 13-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை “எதுவரைக்கும்” வருகிறது. மொத்தம் ஆறே வசனம்: இரண்டில் முறையீடு, இரண்டில் விண்ணப்பம், இரண்டில் நம்பிக்கை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் இரண்டைச் சத்தமாக வாசித்து, மனதில் கிடப்பதை அப்படியே கொட்டுங்கள். பிறகு வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். கடைசி இரண்டு வசனம் சில நாள் வாயில் வராது. அன்றைக்கு வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள், நடிக்க வேண்டாம். பத்து நிமிஷம் போதும். ஒரே ராத்திரியில் இரண்டு மணி நேரம் அழுது ஜெபித்துவிட்டு, மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே தலைவைக்காமல் போவதுதான் பலருக்கும் நடக்கிறது.

அந்த அக்கா சொன்னதைப் பெரிதாக எடுக்காதீர்கள். பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தவர் ஆசாரியனான ஏலி (1 சாமுவேல் 1). அவருக்கே கணக்குத் தப்பியது. அதே அதிகாரத்தில் 18-ம் வசனத்தையும் பாருங்கள்: அன்னாள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள், அதற்குப் பிறகு முகம் வாடவில்லை. பிற்பாடு பிறந்த மகன் சாமுவேல் அப்போது வயிற்றில்கூட இல்லை. கேட்டது கிடைக்காமலும் போகலாம் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், மாம்சத்தில் முள்ளாகக் குத்திய அவருடைய வேதனை எடுபடவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12). அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்று. ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால் (மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே) இருவரும் டாக்டரைப் பார்க்கவேண்டும். பல வீடுகளில் மனைவியை மட்டும் அலையவிட்டு, கணவருக்கான விந்துப் பரிசோதனையை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். முதலில் செய்யவேண்டிய எளிய சோதனைகளில் அதுவும் ஒன்று.

கேள்வி: யாக்கோபு 5:7-ல் விவசாயி முன்மாரி, பின்மாரிக்காகக் காத்திருக்கிறான் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் தை மாதம் மழை வந்தால் சம்பா போச்சு! இந்த வசனத்தை எப்படி ஜெபிப்பது?
– தலைஞாயிறு வாசகர்

நியாயமான கேள்வி. யாக்கோபு பேசுவது இஸ்ரவேல் நாட்டு மழையை. அங்கே முன்மாரி அக்டோபர், நவம்பரில் பெய்து, வெயிலில் இறுகிய மண்ணை உழவுக்கு இளக்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலில் வந்து வாற்கோதுமை, கோதுமைக் கதிரில் மணி பிடிக்க உதவும். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அறுப்பு நேரத்தில் பெய்தால் கதிர் சாய்ந்து, தாளிலேயே முளைவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பிவரும். ஒரே மழை அங்கே ஆசீர்வாதம், இங்கே நஷ்டம். அதனால் “மழை தாரும்” என்று மொட்டையாகக் கேட்காமல், பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறதோ அதைச் சொல்லிக் கேளுங்கள்: நாற்றங்காலுக்குத் தண்ணீர், பூக்கும்போது நிதானமான மழை, அறுப்புக்கு இரண்டு வாரம் வெயில்.

காத்திருக்கிற விவசாயி சும்மா இருப்பதில்லை என்பதும் அந்த வசனத்துக்குள் அடக்கம். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்க, வெள்ளம் வடிய ஜெபித்து என்ன பயன்? கர்மேல் மலையில் மழைக்காக ஜெபித்த எலியா தீர்க்கதரிசி வேலைக்காரனை ஏழு தரம் கடல் பக்கம் பார்க்கச் சொன்னார். ஏழாம் தரம் கண்ணில் பட்டது உள்ளங்கை அளவு மேகம்தான். அதற்கே ராஜாவான ஆகாபுக்கு ரதத்தைப் பூட்டச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார் (1 இராஜாக்கள் 18).

கேள்வி: மகன் வேலைக்காக 21 நாள் உபவாசம் இருக்க ஆசை. எனக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரை சாப்பிடுகிறேன்.
– ஒரு தாய், கும்பகோணம்

முழு உபவாசம் வேண்டாம் அம்மா. டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூடச் சாப்பாட்டை விடாதீர்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷம் கழித்தும் அடங்காவிட்டால் இன்னொரு தடவை. அடங்கியதும் சாப்பிடவேண்டும்.

தானியேல் மூன்று வாரம் இருந்ததுகூடப் பட்டினியில்லை. ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் இவற்றைத்தான் விட்டார் (தானியேல் 10:3). நீங்கள் மீன் குழம்பையும் சாயங்கால சீரியலையும் விடுங்கள். அந்த அரை மணி நேரம் மகனுக்கு.

கேள்வி: 40 நாளில் பதில் வரும் என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொல்லி, காணிக்கை கேட்கிறார்.
– மன்னார்குடி வாசகர்

கொடுக்காதீர்கள். குஷ்டம் நீங்கிய நாகமான் காணிக்கை கொடுக்க வந்தும் எலிசா தீர்க்கதரிசி தொடவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்குக் குஷ்டம்தான் ஒட்டியது (2 இராஜாக்கள் 5).

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணனைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள். அண்ணியிடம் போய் என்ன பேசுவது?
– திருவையாறு வாசகி

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. “எல்லாம் நன்மைக்கே” என்று சொல்லாதீர்கள். இதே வியாதியில் இறந்துபோனவர் கதையும் வேண்டாம். “இன்றைக்கு எதற்காக ஜெபிக்கட்டும் அண்ணி?” என்று கேட்டு, அவர் சொன்னதை மட்டும் இரண்டு நிமிஷத்தில் ஜெபியுங்கள். ஒரு பிளாஸ்க் வெந்நீர், போர்வை, செல்போன் சார்ஜர் எடுத்துப் போங்கள். அவர் இடத்தில் நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துகொண்டு, அவரைக் குளித்துச் சாப்பிட்டு வர அனுப்புங்கள்.