இறக்குமதி செய்தால் கம்பெனி முன்னேறுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: இறக்குமதி செய்கிற கம்பெனிகள் மற்றவற்றைவிட நன்றாக ஓடுகின்றன என்கிறார்களே, எல்லாரும் இறக்குமதியில் இறங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நம்பகமான சப்ளையரைத் தேடுவது, சாம்பிள் பார்ப்பது, சுங்கத் தாள்கள், சரக்கு வந்து சேரும்வரை முடங்கிக் கிடக்கும் பணம் என்று முதல் கன்டெய்னர் கரை இறங்குவதற்குள் செலவு ஏறிவிடும். அதைத் தாங்குவது பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாக ஓடுகிற கம்பெனிதான். நீங்கள் பார்க்கும் வித்தியாசத்தில் ஒரு பங்கு இறக்குமதிக்கு முன்பே இருந்தது.

கேள்வி: மீதிப் பங்கு? சரக்கு மலிவாகக் கிடைப்பதாலா?

பதில்: மலிவும் உண்டு, ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஸ்ப்ரிங் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் தடிமன் சுருளுக்குச் சுருள் மாறினால் ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தி, செட்டிங்கை மாற்றி, முதலில் விழும் ஸ்ப்ரிங்குகளை அளந்து பார்த்துத் தூக்கிப் போட வேண்டும். சீரான கம்பி வந்தால் அதே ஆள், அதே மெஷின், அதே எட்டு மணி நேரம், ஆனால் தேறும் ஸ்ப்ரிங் அதிகம். கம்பிக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால்கூடக் கட்டுப்படியாகலாம். அப்புறம், உள்ளூர்ச் சரக்கும் வெளிநாட்டுச் சரக்கும் ஒன்றுக்கொன்று முழு மாற்று அல்ல, சேரும்போது பலன் கூடுகிறது. ஹங்கேரி நிறுவனங்களை ஆராய்ந்தவர்கள், எல்லா வகை இடுபொருளையும் (மூலப்பொருள், உதிரிபாகம் போன்றவை) இறக்குமதி செய்தால் உற்பத்தித்திறன் 22 சதவீதம் உயரும் என்று கணக்கிட்டார்கள். அதில் ஏறத்தாழ பாதி இப்படி இரண்டும் சேர்வதால் வருவது.

கேள்வி: சுங்கவரியைக் குறைத்தால் உள்நாட்டுக் கம்பெனிகள் படுத்துவிடாதா?

பதில்: எதன் மேல் உள்ள வரி என்று கேளுங்கள். முடிந்த பொருளுக்குக் குறைத்தால் போட்டி வரும். சிலர் சுதாரித்துக்கொள்வார்கள், சிலர் கடையை மூடுவார்கள். மூலப்பொருளுக்கும் உதிரிபாகத்துக்கும் குறைத்தால் விஷயமே வேறு. இந்தோனேசியாவின் 1991-2001 தரவுகளில், இடுபொருள் வரி 10 சதவீதப் புள்ளி குறைந்தபோது அவற்றை இறக்குமதி செய்த நிறுவனங்களின் உற்பத்தித்திறன் 12 சதவீதம் கூடியது. முடிந்த பொருளுக்கு வரி குறைத்ததில் கிடைத்ததைப் போல் குறைந்தது இரு மடங்கு. இந்தியாவில் 1991 சீர்திருத்தத்துக்குப் பிறகு கம்பெனிகள் புதிதாகக் கொண்டுவந்த பொருட்களில் சுமார் 31 சதவீதத்துக்கு இடுபொருள் வரிக்குறைப்பே காரணம் என்கிறது இன்னொரு ஆய்வு. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி: நாங்களும் இறக்குமதி செய்கிறோம், ஒன்றும் மாறவில்லையே?

பதில்: கப்பல் தாமதத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் சரக்கைக் கிடங்கில் அடுக்கிவைத்திருக்கிறீர்களா? இல்லை, சரக்கு மட்டும் புதிது, மெஷின் செட்டிங் பழையதா? ரிஜெக்ட் கணக்கை இறக்குமதிக்கு முன், பின் என்று பிரித்து எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.