அல்-ஹஜரி யார் பக்கம்? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினில் கட்டாய ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களின் வழிவந்த மொரிஸ்கோக்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அல்-ஹஜரி என்ற மொரிஸ்கோவைப் பற்றித் தேடிப் படித்தேன். மராகேஷ், பாரிஸ், லைடன், கெய்ரோ என்று அலைந்திருக்கிறார். கிறிஸ்தவ அறிஞர் ஒருவருக்கு அரபி சொல்லிக் கொடுத்திருக்கிறார். மத நல்லிணக்கத்துக்கு இவரைவிட நல்ல உதாரணம் உண்டா? ஆனால் ஒரு நெருடல். ஊரில் இருந்தவரை கிறிஸ்தவராக நடித்தவர், வெளியே போனதும் நான் முஸ்லிம் என்கிறார். இப்படிப்பட்டவர் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்லிணக்கப் பட்டத்தை அல்-ஹஜரியே வாங்கிக்கொள்ள மாட்டார். 1637இல் கெய்ரோவில் இருந்தபோது எழுதிய நூலுக்கு, காஃபிர்களுக்கு எதிரே மார்க்கத்துக்குத் துணை நிற்பவன் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். நூல் நெடுக வாதம். பாதிரிகளோடு, நீதிபதிகளோடு, யூதர்களோடு. எல்லா வாதத்திலும் ஜெயிப்பது அவர்தான் என்பதால், அந்தப் பக்கங்களை மட்டும் நான் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிப்பேன்.

மற்றபடி அவர் நடித்ததை வைத்து அவரை எடைபோட முடியாது. 1567இல் வந்த அரசாணை தெற்கு ஸ்பெயினின் கிரானடா மொரிஸ்கோக்களின் அரபிப் பேச்சு, உடை, குளியல் வழக்கம் எல்லாவற்றையும் தடை செய்தது. அடுத்த ஆண்டே அல்புஹாரா மலைப்பகுதியில் கலகம் வெடித்தது. அதை அடக்கியபின் கிரானடாவின் மொரிஸ்கோக்களைக் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளப்பி ஸ்பெயினின் காஸ்டீல் ராஜ்யம் முழுக்கச் சிதறடித்தார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்தவர் அல்-ஹஜரி. வெளியே தியேகோ பெஹரானோ, வீட்டுக்குள் அஹ்மத் இப்னு காசிம்.

இனி வருவதுதான் வேடிக்கை. 1588இல் கிரானடாவில் பழைய பள்ளிவாசலின் மினாராவை இடித்தபோது ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே அரபி எழுத்துள்ள தோல் ஏடு. 1595இலிருந்து பக்கத்துக் குன்றில் அரபி பொறித்த ஈயத் தகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதல் நூற்றாண்டுப் புனிதர்கள் அரபிக்காரர்கள், அரபி மேரி மாதாவுக்கே உகந்த மொழி என்கிற தோரணையில் அவை பேசின. பேராயர் பேத்ரோ தெ காஸ்த்ரோவுக்கு ஒரே பரவசம். ஆனால் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே! அரபி தெரியும் என்று சொன்னாலே இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணை மன்றம் கதவைத் தட்டும் ஊரில், அதே அரபிக்காக ஆள் தேடினார்கள். அல்-ஹஜரியிடம் எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, வலென்சியாக்காரரான ஒரு மருத்துவரிடம் என்றார். அவர் எங்கே? இறந்துவிட்டார். செத்தவரை விசாரிக்க முடியாதல்லவா? இந்தப் பொய்யை அவரே தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். தான் சொன்ன பொய்யைக் கணக்கில் காட்டுகிறவரை நான் நம்புவேன்.

அந்தத் தகடுகள் போலி. அரச மொழிபெயர்ப்பாளர்களாக இருந்த மிகெல் தெ லூனா, அலோன்ஸோ தெல் காஸ்தியோ என்ற இரண்டு மொரிஸ்கோக்கள் மேல்தான் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். தங்கள் இனம் நாட்டிலேயே நிலைக்கட்டும் என்று புனைந்திருக்கலாம். 1682இல் ரோம் அவற்றை நிராகரித்தது. அல்-ஹஜரியோ கடைசிவரை உண்மை என்றே நம்பினார்! அவரை மெச்சுகிறவர்கள் இதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1599இல் அவர் கப்பலேறி மொரோக்கோவுக்குத் தப்பினார். மராகேஷில் மொரோக்கோ சுல்தான் முலாய் ஸைதானின் மொழிபெயர்ப்பாளர் ஆனார். ஊரில் ஒளித்து வைத்த மொழி அங்கே சம்பளம் தந்தது. 1609இல் தொடங்கிய வெளியேற்றத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினை இழந்தார்கள். அவர்களில் சிலரை ஏற்றிச்சென்ற பிரெஞ்சுக் கப்பல்காரர்களே அவர்களைக் கொள்ளையடித்தார்கள். பொருளை மீட்க 1611இல் பிரான்சுக்குப் போனவர் இவர். ஆக, ரூவான், பாரிஸ், போர்தோ எல்லாம் ஊர் சுற்றல் இல்லை, வழக்கு அலைச்சல். நீங்கள் சொல்லும் அரபிப் பாடமும் அந்தப் பயணத்தில் நடந்ததுதான். மாணவர் தாமஸ் எர்பேனியஸ் 1613இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய அரபி இலக்கணம் ஐரோப்பாவில் இரண்டு நூற்றாண்டு போல ஓடியது. மதத்தைப் பற்றி இருவரும் சண்டை போட்டார்கள், படிப்பும் நடந்தது. இதை நல்லிணக்கம் என்று சொல்வதைவிட, ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள் என்பது சரியாக இருக்கும்.

ஹாலந்தின் இளவரசர் மோரிஸிடம் பேசியதையும் எழுதியிருக்கிறார். ஸ்பெயின் ஏன் உங்களை விரட்டியது என்ற கேள்விக்கு, நாங்கள் போருக்கும் போகவில்லை, துறவிகளும் ஆகவில்லை, அதனால் எண்ணிக்கை கூடியதைக் கண்டு அரசர் பயந்தார் என்கிறார். அவர்கள் பேச்சு ஸ்பெயினுக்கு எதிராகக் கூட்டுச் சேரலாமா என்பதுவரை போனது.

அப்புறம் ஹஜ், கெய்ரோ, துனிஸ். துனிஸில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். அங்கே இப்ராஹீம் என்ற மொரிஸ்கோ பீரங்கிக்காரர் தன் தொழிலைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார், ஸ்பானிஷில். 1638இல் அதை அரபியாக்கியவர் அல்-ஹஜரி. அரபி தெரியாத முஸ்லிம்களாக வந்திறங்கிய அகதிகள் அந்த ஊரில் நிறையப் பேர். மார்க்க நூல்களைக்கூட ஸ்பானிஷில்தான் எழுதிப் படித்தார்கள்.

அவர் நூல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வாதங்களை விட்டுவிட்டு முதலில் கிரானடா அத்தியாயத்தைப் படியுங்கள். பிரான்ஸ் பகுதியில் ஒலோன் என்ற ஊரில் ஒரு பிரெஞ்சுப் பெண்மேல் அவருக்கு வந்த ஆசையையும், அதோடு அவர் மல்லுக்கட்டியதையும் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.