ஈக்வல்ஸ் எழுதியும் ஹேஷ்செட்டில் பொருள் ஏன் கிடைப்பதில்லை?

தொகை, நாணயம் என்று இரண்டு ஃபீல்டுகள் உள்ள ஒரு ஜாவா கிளாஸுக்கு ஈக்வல்ஸ் (இரண்டு பொருள்கள் சமமா என்று சொல்லும் மெத்தட்) எழுதியிருக்கிறீர்கள். நேரடியாக ஒப்பிட்டால் ட்ரூ வருகிறது, ஹேஷ்செட்டில் தேடினால் ஃபால்ஸ். ஹேஷ்கோடை (பொருளுக்கு ஓர் எண் தரும் மெத்தட்) நீங்கள் எழுதாததுதான் காரணம்.

ஹேஷ்செட் முதலில் ஹேஷ்கோடை வைத்துத்தான் தன் உள்ளே இருக்கும் எந்தப் பக்கெட்டில், அதாவது எந்தப் பிரிவில், தேடுவது என்று முடிவு செய்கிறது. நீங்கள் எழுதாவிட்டால் ஆப்ஜெக்ட் கிளாஸின் ஹேஷ்கோடே வரும். மதிப்பு ஒன்றாக இருந்தாலும் இரண்டு பொருள்களுக்கும் பெரும்பாலும் வேறு வேறு எண்தான் கிடைக்கும், அதனால் தேடல் உங்கள் ஈக்வல்ஸ் வரை போகவே போகாது. எந்த ஃபீல்டுகளை ஈக்வல்ஸில் ஒப்பிடுகிறீர்களோ அவற்றை வைத்தே ஹேஷ்கோடையும் கணக்கிடுங்கள்.

அதோடு, ஃபீல்டுகளைப் பிறகு மாற்ற முடியாதபடி ஃபைனல் ஆக்கிவிடுங்கள். செட்டில் போட்ட பிறகு தொகையை மாற்றினால் ஹேஷ் மாறிவிடும். பொருள் உள்ளேயே இருக்கும், தேடினால் கிடைக்காது. இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கொடுமை.

ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ரெக்கார்டாக (மதிப்புகளை வைத்திருப்பதற்கான கிளாஸ் வகை) எழுதுங்கள், இரண்டு மெத்தடும் தானாக வரும். ஆனால் தொகை பிக்டெசிமல் (துல்லியமான தசம எண் வகை) என்றால் கவனம்: அதன் ஈக்வல்ஸுக்கு 2.0 வேறு, 2.00 வேறு. கன்ஸ்ட்ரக்டரிலேயே, கடைசிப் பூஜ்யங்களை நீக்கும் ஸ்ட்ரிப்‌ட்ரெய்லிங்ஸீரோஸ் போட்டுச் சீராக்கிவிடுங்கள்.