துண்டைத் தொங்கப் போட்டால் ஆறு பிழைக்குமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்து விடுதி ஆக்கியிருக்கிறார்கள். 'பிளாஸ்டிக் இல்லாத பசுமை விடுதி' என்று வெப்சைட்டில் போட்டிருந்ததை நம்பி ரெண்டு நாள் தங்கினோம். கட்டில் பக்கத்திலேயே நாலு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். கிளம்பும்போது பில்லில் 'பசுமைக் கட்டணம்' 600 ரூபாய். கேட்டால், "எல்லாரும் குடுக்காங்க சார்" என்கிறார்கள். திரும்பக் கிடைக்குமா அண்ணாச்சி? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள். ஆன்லைனில் ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றாக ஏற்றுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே ஏமாற்று வேலைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 'பசுமை', 'இயற்கை' என்றெல்லாம் விளம்பரம் செய்தால் ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரிலும் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 2019 பிளாஸ்டிக் தடையில் தண்ணீர் பாக்கெட் உண்டு, பாட்டில் கிடையாது. ஆகவே அந்தத் தடையின்படி பாட்டில் வைத்தது தப்பில்லை. 'இல்லாத' என்று எழுதிவிட்டு வைத்ததுதான் தப்பு. வெப்சைட் பக்கம், பாட்டில் படம், பில் மூன்றையும் சேர்த்து முதலில் விடுதிக்கு எழுதுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள்.

இனி என் புலம்பல். குளியலறையில் ஓர் அட்டை தொங்கியிருக்குமே, 'துண்டைக் கொடியில் போட்டால் பூமியைக் காக்கிறீர்கள்' என்று? அமெரிக்காவில் ஜே வெஸ்டர்வெல்ட் என்பவர் 1986-ல் இந்த அட்டையைக் கிண்டலடித்து எழுதியபோதுதான் 'கிரீன்வாஷிங்' (பொய்யாகப் பசுமை வேஷம் போடுவது) என்ற சொல்லே பிறந்தது. துவைக்கிற செலவு மிச்சம் அவர்களுக்கு, புண்ணியம் மட்டும் நமக்கு! நான் போகிற இடத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "கக்கூஸ் தண்ணி எங்க போகுது?" ஆற்றங்கரை விடுதியில் இதைக் கேட்டால் மேனேஜர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஒருத்தர், "சோலார் போட்டிருக்கோம் சார்" என்றார். நான் கேட்டது அதுவா? நாளைக்கு அந்தத் தாமிரபரணியில்தானே நானும் முங்கி எழ வேண்டும்!

கேள்வி: மே மாதம் தங்கிய பாரம்பரிய விடுதியில் ஏசி இல்லை. 'ஏசி கிடையாது' என்று பதிவுப் பக்கத்தில் இருந்ததாம், நான் கவனிக்கவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: யார் மேல்?

கேள்வி: ஒரு பசுமை விடுதியின் கடையில் 'பத்தமடை கோரைப் பாய்' என்று 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். பிளாஸ்டிக் என்கிறார் மாமியார். (தென்காசி வாசகி)

பதில்: தங்கச்சி, மாமியார் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். கோரை வைக்கோல் மாதிரி எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருண்டு மணியாக உருகும், நாற்றமும் அடிக்கும். பத்தமடைக்குப் பத்து மைல் தூரத்தில் பிறந்தவன் நான். ரயில்வே பிளாட்பாரத்தில் இதே பாயை வாங்கி, மகள் கல்யாணச் சீரில் வைத்து, சம்பந்தி வீட்டில் மானம் போனவன். என்னிடம் பில்லும் இல்லை. உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். வாங்கி ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 2,400 ரூபாய்க்காகவா என்று யோசிக்காதீர்கள்.

கேள்வி: தாத்தா வீட்டைப் புதுப்பித்து விடுதிக்கு விடப் போகிறோம். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசி, 'பசுமை பெயின்ட்' அடிக்கலாம் என்கிறார் காண்டிராக்டர்.

பதில்: வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று பொருபொருவென்று உதிரும். சுண்ணாம்பையே பூசச் சொல்லுங்கள். தெரியாது என்றால் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டு அடுக்களைச் சுவர் மூன்று மழைக்கு உதிர்ந்துகொண்டிருக்கிறது. சிமென்ட் பூசச் சொன்னது நான்தான்.