பத்து மணிக்கு மேல் செவ்வாய்க் கிரகம்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். இரவு பத்துக்கு மேல்தான் எனக்கென்று நேரம். அறிவியல் புனைகதை, மாயக்கதை எழுத ஆசை. செவ்வாயில் நடக்கிற நாவல் ஒன்றைத் தொடங்கி மூன்று அத்தியாயத்தோடு நிற்கிறது. அந்த உலகத்தைப் பற்றி இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு வைத்திருக்கிறேன், கதைதான் நகரவில்லை. வேலையை விடாமல் இந்த வகையில் எழுத்தாளர் ஆக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்த நாவலை இப்போதைக்கு மூடி வையுங்கள். இரண்டு நோட்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், பிறகு உதவும்.

காரணம் இதுதான். மாமியார் மருமகள் கதை எழுதுகிறவர் பத்து நாள் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் அவருடைய கதை உலகம் ஜன்னலுக்கு வெளியே அப்படியே இருக்கும். உங்கள் உலகம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், நாத்தனார் வீட்டு விசேஷம், மார்ச் கணக்கு முடிப்பு என்று ஒரு வாரம் விட்டுப்போனால், மறுபடி உட்காரும்போது முதல் இருபது நிமிடம் ‘அந்தக் காற்றடைப்புக் கதவின் சாவி யாரிடம் இருந்தது’ என்று தேடுவதிலேயே போய்விடும். கிடைத்ததே அரை மணி நேரம் என்றால் மீதி என்ன எழுதுவது? இந்த வகையில் எழுத வருகிறவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழியை நேரத்தின் மேல் போட்டுவிடுவார்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்குக் கணக்காகவே சொல்கிறோம். 25 நிமிடத்தில் 250 சொல், வாரத்தில் நான்கு நாள், ஆக 1,000 சொல். 60,000 சொல் நாவலுக்கு முதல் வரைவே 60 வாரம். அதுவும் ஒரு நாளும் தவறாமல் எழுதினால். 2,500 சொல்லில் ஒரு சிறுகதை என்றால் வரைவுக்கு மூன்று வாரம், தொடாமல் ஒரு வாரம், திருத்தத்துக்கு இரண்டு வாரம். தீபாவளி, பொங்கல், ஜூன் மாதப் பள்ளித் திறப்பு, ஆண்டுக் கணக்கு எல்லாவற்றையும் கழித்தாலும் வருடத்துக்கு ஐந்தாறு கதை முடிந்து கையில் இருக்கும். முடித்த கதைதான் கற்றுக்கொடுக்கும். தொடங்கிய நாவல் தொடங்க மட்டுமே கற்றுக்கொடுக்கிறது.

சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார் என்று யாராவது உங்களுக்கு உதாரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வாராவாரம் பிரதி கேட்டு வாங்கும் பத்திரிகை அவருக்கு இருந்தது. உங்கள் கெடுவை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறுகதைக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். நம் உலகத்திலிருந்து ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த மாற்றத்தை ஒரே ஒரு பக்கத்தில், ஐந்து கேள்விக்குப் பதிலாக எழுதி வையுங்கள்: என்ன மாறியது, எப்போதிலிருந்து, யாருக்கு லாபம், யார் தலையில் செலவு, இனி எதைச் செய்யவே முடியாது. கதை பெரும்பாலும் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் கிடைக்கும்.

உங்கள் செவ்வாயையே எடுத்துக்கொள்வோம். மாற்றம் ஒன்றுதான்: மகளுக்கு அங்கே வேலை, அம்மா சிங்காநல்லூரில். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே தூரம் கூடிக் குறைந்துகொண்டே இருப்பதால் ஒரு குரல் போய்ச்சேர ஏறத்தாழ 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். ‘சாப்பிட்டியா கண்ணு?’ என்று அம்மா கேட்டால், தூரம் மிகக் குறைவாக இருக்கும் நாளில்கூட பதில் வர ஆறு நிமிடம். அதனால் இந்தக் கதையில் தொலைபேசி உரையாடலே கிடையாது, பதிவு செய்து அனுப்பும் குரல் மட்டும்தான். சண்டை போட முடியாது. குறுக்கே பேச முடியாது. அழுதால் தேற்றுவதற்குள் அழுகை ஓய்ந்திருக்கும்.

இன்னும் கொஞ்சம் போங்கள். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடத்துக்குச் சற்று மேல். மகள் தன் கடிகாரப்படி தினமும் இரவு ஒன்பதுக்குப் பேசினால், அது கோவைக் கடிகாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய 40 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். பதினெட்டு நாளில் அவள் இரவு அம்மாவின் பகலாகிவிடும். அதோடு, ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் இரண்டுக்கும் நடுவே வந்துவிடும். அப்போது சூரியனின் குறுக்கீட்டால் செய்தி சிதையும் என்பதால், செவ்வாயில் இருக்கும் விண்கலங்களுக்குச் சுமார் இரண்டு வாரம் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவைக்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தில் சிங்காநல்லூர் வீட்டில் என்ன நடக்கிறது? இதோ கதை. வேற்றுக்கிரகவாசியோ விண்வெளிப் போரோ தேவைப்படவில்லை. இதற்கு ஆகிற ஆராய்ச்சி ஒரு மாலை நேரம். அதற்கு மேல் தேடினால் அது எழுதாமல் இருப்பதற்கான சாக்கு.

இனி நேரம். எழுத்து வேலை எல்லாம் ஒரே வகை அல்ல, எல்லா நேரமும் எல்லா வேலைக்கும் ஆகாது. புதிதாக எழுதுவதற்குத் தெளிந்த மனம் வேண்டும். பகல் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டியவருக்கு இரவு பத்து மணி இதற்கு மிக மோசமான நேரம். காலை ஐந்திலிருந்து ஐந்தரை, அல்லது மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் என்று நான்கு நாளுக்கு மாற்றிப் பாருங்கள். இரவில் சோர்வோடு செய்யக்கூடியவை வேறு: நோட்டில் எழுதியதைத் தட்டச்சு செய்வது, ஒற்றுப்பிழை பார்ப்பது, மூன்றாம் பக்கத்தில் வலது கையில் இருந்த காயம் ஒன்பதாம் பக்கத்தில் இடது கைக்கு மாறியிருக்கிறதா என்று சரிபார்ப்பது. பேருந்தில் எழுத முயல வேண்டாம். வரைவைக் கைபேசியின் வாசிப்பு வசதியில் தமிழில் ஓடவிட்டுக் கேளுங்கள். கண் தாண்டிப் போகும் இழுவையான வாக்கியம் காதில் மாட்டும். திருத்தத்துக்கு மட்டும் நீளமான நேரம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தொடர்ச்சியாக இரண்டு மணி நேரம்.

ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் கடைசி இரண்டு நிமிடத்தை ஒதுக்கி இரண்டு வரி எழுதி வையுங்கள். ‘அம்மா மொட்டை மாடியில். குரல் வரவில்லை என்று தெரிந்தும் பேசப் போகிறாள். அடுத்து பக்கத்து வீட்டுக்காரி வருவாள்.’ இவ்வளவுதான். காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல், அடுத்து என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். மேலே சொன்ன இருபது நிமிட நஷ்டம் இரண்டு மூன்று நிமிடமாகக் குறையும்.

வீட்டில் ‘எனக்கு நேரம் வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை பிள்ளைகள் உங்கள் பொறுப்பு, சனிக்கிழமை அதே நேரம் உங்களுக்கு’ என்று கணவரிடம் கொடுக்கல் வாங்கலாகப் பேசுங்கள். கைபேசியில் வரைவு எழுதாதீர்கள். நீங்கள் எழுதுகிறீர்களா வீடியோ பார்க்கிறீர்களா என்று பார்ப்பவருக்குத் தெரியாது, ‘எப்பப் பார்த்தாலும் போன்’ என்ற பேச்சுதான் மிஞ்சும். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் மாமியாரே பிள்ளைகளை அதட்டி அந்தப்பக்கம் அனுப்புவார். கணவரை முதல் வாசகராக்குவதானால் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். பென்சிலைக் கொடுத்து, சலிப்புத் தட்டிய இடத்திலும் புரியாத இடத்திலும் கோடு போடச் சொல்லுங்கள்.

குரல்வழித் தட்டச்சு வேகமானது, ஆனால் நிறுத்தக்குறி சரியாக விழாது. ர-ற, ல-ள-ழ, ன-ண குழப்பத்தைத் திருத்தவே தனி நேரம் போகும். குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், வரைவுக்கு வேண்டாம். தட்டச்சு எப்போதும் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஆசிரியரின் கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும்.

திருத்தத்தில் முதலில் தேட வேண்டியது இந்த மாதிரி வரியை:

“உனக்குத்தான் தெரியுமே செல்வி, மூன்றாம் குடியேற்றத்துக்கு அப்புறம் ஆளுக்கு நாளைக்குப் பதினொரு லிட்டர் தண்ணீர்தானே!”

செல்விக்குத் தெரியும் என்றால் ஏன் சொல்ல வேண்டும்? வாசகருக்காகச் சொல்வது அப்பட்டமாகத் தெரிகிறது. அதே செய்தி இப்படியும் வரலாம்:

செல்வி தலைக்குக் குளித்திருந்தாள். வரிசையில் நின்ற ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

லிட்டர் கணக்கு போய்விட்டது, தண்ணீர்த் தட்டுப்பாடு வந்துவிட்டது. கூடவே பொறாமையும் ஒரு சந்தேகமும் வந்திருக்கின்றன. உங்கள் இரண்டு நோட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடக் கதைக்குள் வர வேண்டியதில்லை. இன்னொன்று, முதல் பக்கத்தில் நீங்களே உருவாக்கிய பெயரும் சொல்லும் மூன்றுக்கு மேல் போனால் வாசகர் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். செய்ய மாட்டார்.

அலுவலகப் பக்கம் ஒரு எச்சரிக்கை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையின் பகுதியாக உருவாக்கியதற்குத்தான் முதலாளி உரிமையாளர். உங்கள் கதை அதில் வராது. ஆனால் நியமன ஒப்பந்தத்தில் இதைவிட அகலமான வாசகம் இருக்கலாம், எடுத்துப் படியுங்கள். அலுவலக மடிக்கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ ஒரு வரிகூட எழுத வேண்டாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆம் விதி, அலுவல் கெடாத வரை அவ்வப்போதைய இலக்கியப் பணியை முன் அனுமதியின்றி அனுமதிக்கிறது. மாநில அரசு ஊழியர்கள் தங்கள் விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கதை முடிந்ததும் அனுப்புங்கள். தமிழில் ‘அரூ’ இந்த வகை எழுத்துக்காகவே வந்த இணைய இதழ், அறிவியல் சிறுகதைப் போட்டியும் நடத்தியிருக்கிறது. ‘சொல்வனம்’ போன்ற இணைய இதழ்களும் அறிவியல் புனைவு வெளியிட்டிருக்கின்றன. அனுப்புமுன் அந்தந்த இதழின் அப்போதைய விதிகளைப் பாருங்கள். ஒரே கதையை இரண்டு இதழுக்கு ஒரே சமயத்தில் அனுப்பாதீர்கள். ஆசையில் முகநூலில் முழுக்கதையையும் போட்டுவிட்டால் பல ஆசிரியர்கள் அதை ஏற்கெனவே வெளியானதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கதை, இதழ், அனுப்பிய தேதி, பதில் என்று நான்கு கட்டத்தில் ஒரு பேரேடு போடுங்கள். உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரியில் விசாரித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.

பிற்பாடு தொகுப்பாகப் பதிப்பகத்துக்குக் கொடுக்கும்போது வாய்வார்த்தையில் விடாதீர்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ‘எல்லா உரிமையும் நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதக் கேளுங்கள். திரைப்பட உரிமையை அச்சுப் பதிப்பாளருக்குக் கொடுக்க எந்த அவசியமும் இல்லை.